கடைக்கு வருகிறவர் கையில் ஒரு வழிப்பை

திண்டுக்கல் பஸ் நிலையத்தின் வாசலில் காலை எட்டரை மணிக்கு நின்று பார்த்தால் ஒன்று விளங்கும். நம் கடைகளைத் திறந்து, கூட்டி, தண்ணீர் தெளித்து, விளக்கேற்றுகிறவர்களில் பெரும்பாலோர் ஊருக்குள் குடியிருப்பவர்கள் அல்லர். வடமதுரை, அய்யலூர், வேடசந்தூர், சின்னாளபட்டி, செம்பட்டி, நிலக்கோட்டை, நத்தம் என்று நாலா திசையிலிருந்தும் பஸ் ஏறி வருகிறார்கள். சீசன் டிக்கெட் எடுத்து ரயிலில் மதுரைக்குப் போய் வருகிற நம்மவர்களும் உண்டு. மொத்த வியாபாரிகளாகிய நாமும் கொள்முதலுக்கு மதுரை கீழமாசி வீதிக்கும், வசூலுக்குப் பழனி, ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு பக்கமும் போய் வருகிறோம். காலையில் போனவர் இரவுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. பஸ் ஓடுகிற வரையில் அது சரி.

பஸ் ஓடாமல் போன ஒரு நாளில் நம் கடையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். தவறு நம்முடையது. அதனால் சொல்வதில் கொஞ்சம் கூச்சம் உண்டு.

2018 ஜனவரி 4ஆம் தேதி, வியாழக்கிழமை. ஊதியப் பேச்சு முறிந்து அன்று மாலை அரசுப் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முன்கூட்டித் தேதி சொல்லி நடக்கிற பந்த் வேறு. இது அப்படி அல்ல. வீட்டுக்குத் திரும்புகிற நேரத்தில் பஸ்கள் டிப்போவுக்குப் போய்விட்டன. நமக்குச் சேதி ஆறரை மணிக்கே வந்துவிட்டது. ஆனால் பொங்கல் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. வெல்லம், பச்சரிசி, பாசிப்பருப்பு என்று மூன்று லாரிச் சரக்குக்குப் பட்டியல் எழுத வேண்டும். 'இதை மட்டும் முடித்துவிட்டுப் போங்கள், எப்படியும் ஏதாவது வண்டி கிடைக்கும்' என்று கணக்கரை எட்டரை மணி வரை உட்கார வைத்துவிட்டோம்.

அவர் நத்தம் சாலையில் கோபால்பட்டிக்கு அப்பால் ஒரு கிராமத்துக்காரர். வயது ஐம்பத்து நான்கு. சர்க்கரை வியாதி உண்டு. இரவு மாத்திரையைக் கடையிலேயே போட்டுக்கொண்டு, ஒன்பதரைக்கு வீட்டில் சாப்பிட உட்காருவது அவர் வழக்கம். அன்றும் மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் இறங்கினார். தனியார் பஸ் ஒன்றிரண்டு ஓடின. அவற்றில் கால் வைக்க இடமில்லை. ஒரு ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு சாணார்பட்டி வரை போயிருக்கிறார். அதற்கு மேல் நடை.

பதினொரு மணிக்கு அவர் வீட்டம்மாள் நமக்குப் போன் செய்தார். "இன்னும் வரலைங்களே" என்று கேட்ட குரல் இன்றும் காதில் இருக்கிறது. அவருடைய போன் அணைந்து கிடந்தது. லோடு வண்டியை எடுத்துக்கொண்டு மகனும் நாமும் நத்தம் சாலையில் இருபுறமும் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே போனோம். பன்னிரண்டரை மணிக்கு, அடைத்துக் கிடந்த ஒரு டீக்கடையின் பெஞ்சில் படுத்திருந்தார். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. மார்கழிக் குளிரில் அப்படி ஒரு வேர்வை. கைகால் நடுங்கித் தள்ளாடி வந்தவரை முதலில் குடிகாரர் என்று நினைத்தாராம் டீக்கடைக்காரர். பிறகு விவரம் புரிந்து, கடையைத் திறந்து, சர்க்கரையை அள்ளித் தண்ணீரில் கரைத்துக் கொடுத்திருக்கிறார். அந்த மனிதர் கடைக்குள்ளேயே படுக்கிறவராக இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாம் எழுத விரும்பவில்லை.

கணக்கரின் பையை வண்டியில் வைக்கும்போது திறந்து பார்த்தோம். காலி டிபன் கேரியர், அன்றைய பேப்பர், கண்ணாடிக் கூடு, இரண்டு பேனா, நம் கடைப் பெயர் போட்ட புது வருஷத்துத் தினசரி காலண்டர் ஒன்று. அவ்வளவுதான். தின்பதற்கு ஒரு துண்டு வெல்லம்கூட இல்லை. வெல்ல மூட்டை அடுக்கிய கடையிலிருந்து புறப்பட்டவர் அவர்.

வழி நடுவில் நிற்கிற அனுபவம் நமக்கும் புதிதல்ல. 1987 டிசம்பர் 23ஆம் தேதி கொள்முதலுக்கு மதுரை போய், நேரமாகிவிட்டதால் ஒரு மண்டியில் படுத்துவிட்டோம். விடிந்தால் எம்.ஜி.ஆர். மறைந்த செய்தி. பஸ் இல்லை, கடை இல்லை, ஓட்டல் இல்லை. பையில் சரக்குப் பணம் இருந்தது. வாங்கத்தான் எதுவும் இல்லை. கோணிச் சாக்கின் மேல் இரண்டு இரவு படுத்து, மண்டிக்காரர் எடுத்துக்கொள்ளச் சொன்ன பொட்டுக்கடலையையும் வெல்லத்தையும் தின்று, மூன்றாம் நாள் ஊர் வந்து சேர்ந்தோம். வீட்டில் போன் கிடையாது. அம்மா அந்த இரண்டு நாளும் அடுப்புப் பற்ற வைக்கவில்லை என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.

பிறகு 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி கொலை. 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்கு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தபோது, வெளியூரில் இருந்தவர்கள் ஐந்நூறு ரூபாய் நோட்டை வைத்துக்கொண்டு டீ குடிக்க முடியாமல் நின்றார்கள். 2018 நவம்பர் 16இல் கரை கடந்த கஜா புயல் நம் மாவட்டத்தையும் தொட்டுக்கொண்டு போனது. கொடைக்கானல் மலைச்சாலையில் மரங்கள் சாய்ந்து போக்குவரத்து நின்றது. 2020 மார்ச் 24 மாலை ஆறு மணியோடு தமிழ்நாட்டில் பஸ்கள் நின்றன. பெரிய தலைவர் மறைவு, புயல், வேலைநிறுத்தம், கொள்ளை நோய் என்று காரணம் ஒவ்வொரு முறையும் வேறு. நிற்கிற ஆளின் நிலைமை மட்டும் ஒன்றேதான். குடிக்க, தின்ன, உட்கார, தகவல் சொல்ல வழியில்லை.

இந்த நான்கையும் ஒரு பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ள முடியும் என்பதே நாம் சொல்ல வந்தது. நம் பெரியவர்கள் வண்டி கட்டிக்கொண்டு சந்தைக்குப் போன காலத்தில் கட்டுச்சோறு இல்லாமல் புறப்பட்டதில்லை. மணிக்கொரு பஸ் வந்ததும் அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று.

முதலில் பை. மஞ்சப்பை நல்லதுதான். 2021இல் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியது. ஆனால் மூன்று மணி நேரம் நடக்கிறவருக்குக் கையில் தொங்கும் பை உதவாது. விரல் மரத்துப் போகும். இரண்டு தோளிலும் மாட்டுகிற பை வேண்டும். பேரப்பிள்ளை போட்டுவிட்ட பழைய ஸ்கூல் பை போதும். புதிதாகப் பளபளவென்று வாங்கினால் பணப்பை என்று நினைத்துப் பின்னால் வருவார்கள். எடை, தண்ணீரையும் சேர்த்து மூன்று கிலோவுக்கு மேல் போகக் கூடாது. நம் தராசிலேயே நிறுத்துப் பார்த்துக்கொள்ளலாம். கனமான பையை நான்கு நாள் தூக்குவோம், ஐந்தாம் நாள் வீட்டில் வைத்துவிட்டு வருவோம். அன்றைக்குத்தான் பஸ் நிற்கும்.

தண்ணீர் ஒரு லிட்டர், எவர்சில்வர் பாட்டிலில். தினமும் மாற்றுகிற ஒரே பொருள் இதுதான். வெயிலில் நடந்து களைத்தவருக்கும் வயிற்றுப்போக்குக் கண்டவருக்கும் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் தலைதட்டிப் போட்டுக் கரைத்துக் கொடுக்கலாம். இந்த அளவு உலக சுகாதார நிறுவனம் சொன்னது. உப்பு கூடினால் கெடுதல். அதனால் இரண்டையும் வீட்டிலேயே அளந்து ஒரே பொட்டலமாகக் கட்டிவிட வேண்டும். பெட்ரோல் பங்குகளில் குடிதண்ணீரும் கழிப்பறையும் பொதுமக்களுக்கு இலவசம் என்பதைப் பலர் அறியார்கள். வண்டிக்கு எண்ணெய் போட்டால்தான் கேட்கலாம் என்பதில்லை.

தின்பண்டம் நம் தொழில். இதில் கொஞ்சம் உரிமையோடு சொல்லலாம். பிஸ்கட்டும் சிப்ஸும் வேண்டாம். ஒன்று நொறுங்கும், மற்றது தாகத்தைக் கூட்டும். பொட்டுக்கடலை இருநூறு கிராம், அவல் இருநூறு கிராம், மண்டை வெல்லம் ஒரு துண்டு, பேரீச்சம்பழம் பத்து. இவை அடுப்பும் கேட்காது, அடுத்தவரையும் கேட்காது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் நல்ல பண்டம்; 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் நிலக்கடலையில் எண்ணெய் உண்டு. நம் ஊர் சித்திரை வெயிலில் பஸ்ஸிலும் கடையிலுமாகச் சுற்றுகிற பைக்குள் இரண்டு மாதம் கிடந்தால் சிக்கு வாடை அடிக்கும். மாதம் ஒரு முறை மாற்ற முடிகிறவர்கள் மட்டும் வைக்கலாம்.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு ஒரு தனிச் சேதி. மாத்திரை போட்டு, சாப்பாடு தள்ளிப்போனால் ரத்தத்தில் சர்க்கரை தாழும். வேர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் வரும். அந்த நேரத்தில் கடலை மிட்டாய் போன்றவை உடனே உதவா. எண்ணெய்ப் பசையுள்ள பண்டத்திலிருந்து இனிப்பு ரத்தத்தில் சேரத் தாமதமாகும். வெறும் சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ மூன்று டீஸ்பூன், அதாவது பதினைந்து கிராம், தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுக் கால் மணி நேரம் உட்கார வேண்டும். சரியாகாவிட்டால் மறுபடி அதே அளவு. தெளிந்த பிறகு அவலோ கடலையோ தின்னலாம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறும். 108க்குச் சொல்ல வேண்டும். சர்க்கரைப் பொட்டலம் பைக்குள் அடியில் கிடக்காமல் சட்டைப் பையிலேயே இருப்பது நல்லது. நடுங்குகிற கையால் முடிச்சு அவிழ்க்க முடியவில்லை என்பதை நம் கணக்கர் பிறகு சொன்னார். டீக்கடைக்காரர் பொட்டலத்தை முடிச்சோடு கொடுத்திருந்தாராம் முதலில்.

வழக்கமான மாத்திரைகள் மூன்று நாளுக்கு வேண்டும். கூடவே டாக்டர் சீட்டின் நகல். இன்சுலின் போடுகிறவர்கள் வெயிலில் வைக்கிற பையில் அதைச் சேர்க்கும் முன் தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

போன் எல்லோரிடமும் இருக்கிறது. எண்தான் ஒருவருக்கும் தெரியாது. நமக்கு நம் மகனுடைய எண் மனப்பாடம் இல்லை; வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். போன் அணைந்தால் உறவெல்லாம் அணைந்த மாதிரிதான். ஆகவே வீடு, கடை, பக்கத்து வீடு, வழியில் உள்ள சொந்தக்காரர் ஒருவர் என்று நாலைந்து எண்களை அட்டையில் பேனாவால் எழுதி, மழையில் நனையாதபடி உறை போட்டு வைக்க வேண்டும். அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, ரயில் பயணிகளுக்கு 139, மாவட்டப் பேரிடர் உதவி 1077, பெண்களுக்கு 181 ஆகியவற்றையும் அதிலேயே எழுதலாம். ரத்த வகையும் எழுதுங்கள். பவர் பேங்க் வைப்பவர்கள் வைக்கட்டும். ஒரு முறை சார்ஜ் செய்தால் நாலைந்து நாள் நிற்கிற பட்டன் போன் ஒன்று பழைய டிராயரில் கிடந்தால் அது அதைவிட மேல்.

பணம். இப்போது பூக்காரம்மாவும் போனைத்தான் நீட்டுகிறார். சிக்னல் இல்லாவிட்டால் லட்சாதிபதியும் கை ஏந்த வேண்டியதுதான். பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டாக ஐந்நூறு ரூபாய், சுருக்குப் பையில் கட்டி அடியில் வைக்க வேண்டும். அதைச் சில்லறைக்காக எடுக்கக் கூடாது. நம் கல்லாவில் சில்லறை தட்டும்போது முதலில் கண் போவது அங்கேதான் என்பதை அனுபவத்தில் சொல்கிறோம்.

துணியில் ஒரு நாலு முழ வேட்டி போதும். விரித்தால் பாய், போர்த்தினால் போர்வை, தலையில் சுற்றினால் வெயிலுக்குக் காப்பு, கை பிசகினால் கழுத்தில் தூளி. பெண்கள் பழைய நூல் புடவையொன்றை இதற்கு வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு வேண்டிய நாப்கினும் ஒரு விசிலும் சேர்த்து. நம் ஊரில் ஜவுளிக்கடை அடைத்துப் பெண்பிள்ளைகள் புறப்பட ஒன்பதரை ஆகிவிடுகிறது. மழைக்குக் குடையைவிட ஒரு பெரிய பிளாஸ்டிக் சாக்கு நல்லது. ஓரத்தை மடித்துக் கொங்காணி போட்டால் பையும் சேர்ந்து நனையாமல் இருக்கும். இரண்டு ஊக்கு, கொஞ்சம் சணல், சிறிய டார்ச். டார்ச்சில் செல்லைப் போட்டே வைக்காமல் தனியே காகிதத்தில் சுற்றி வைத்தால் கசியாது.

காலுக்கு என்ன போடுவது என்பதை நமக்குக் கற்பித்தவர்கள் பழனிப் பாதயாத்திரைக்காரர்கள். தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கமிருந்து நகரத்தார் காவடிகளும் கூட்டம் கூட்டமாக மற்றவர்களும் நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் போவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். அன்னதானப் பந்தலில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்டால் நடையின் சாஸ்திரம் முழுவதும் கிடைக்கும். வெயிலுக்கு முன் நட, உச்சியில் படு, மாலையில் மறுபடி நட; கொப்புளம் வந்த பின் மருந்து தேடாதே, உரசுகிற இடம் சூடாகும்போதே நின்று துணி சுற்று; இருட்டில் ஒளிரும் பட்டை ஒட்டிய கம்பு பிடி. கடைக்குப் போட்டு வருகிற தோல் செருப்பு நாலாவது கிலோமீட்டரில் வாரைக் காட்டிவிடும். நடந்து பழகிய பழைய கான்வாஸ் ஷூ ஒரு ஜோடியைக் கடையிலேயே வைப்பது நல்லது. நான்கு வழிச்சாலையில் நடக்க நேர்ந்தால் எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலது ஓரமாக நடக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நடக்க வேண்டாம் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. சின்னாளபட்டி பதினொரு கிலோமீட்டர். பகலாக இருந்தால் நல்ல காலுள்ளவர் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். வேடசந்தூர் இருபது. நத்தமும் வத்தலக்குண்டும் அதற்கும் மேலே. நம் கணக்கு இதுதான்: பன்னிரண்டு கிலோமீட்டருக்கு உள்ளே, வெளிச்சம் உள்ள நேரம், உடம்பில் குறையில்லை என்றால் நடக்கலாம். மூன்றில் ஒன்று தவறினாலும் இருக்கிற இடத்திலேயே இருப்பதுதான் புத்தி.

2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்றது நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்த வெள்ளம் அது. தண்டவாளத்தின் அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. சுமார் 800 பயணிகள். ஒரு பகுதியினர் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலும், மற்றவர்கள் ரயில் பெட்டியிலும் ஸ்டேஷனிலுமாகத் தங்கினார்கள். 19ஆம் தேதிதான் மீட்டு அனுப்ப முடிந்தது. அக்கம்பக்கத்துக் கிராமத்தார் தாங்களே வெள்ளத்தில் இருந்துகொண்டு சோறாக்கிக் கொடுத்தார்கள். ஏறிய ஊருக்கு ஒரு மணி நேரத் தூரம்கூட இல்லாத இடத்தில் இரண்டு இரவு. அந்த ரயிலில் குழந்தைக்குப் பால் பவுடரும் பெரியவருக்கு மாத்திரையும் கையோடு வைத்திருந்தவர் எவரோ, அவர்தான் அன்றைக்குப் பணக்காரர்.

ஜப்பானில் 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தன்று டோக்கியோ வட்டாரத்தில் ரயில்கள் நின்று, ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அன்று வீடு திரும்ப முடியவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் நடக்கத் தொடங்கினால் சாலை அடைத்துக்கொள்ளும், ஆம்புலன்ஸும் போகாது என்பதை அவர்கள் கண்டார்கள். 2013 ஏப்ரல் முதல் டோக்கியோ நகர அரசின் விதி, வேலையாட்களை அவசரப்பட்டு வெளியே அனுப்பாதீர்கள், மூன்று நாளுக்கான தண்ணீரும் உணவும் இடத்திலேயே வையுங்கள் என்று முதலாளிகளைக் கேட்கிறது. நமக்கு அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் பருப்பும் அரிசியும் அவலும் அடுக்கி வைத்திருக்கிற நாம் இதைச் செய்ய ஜப்பானைப் பார்க்க வேண்டியதில்லை.

நம் கடையில் 2018 பொங்கல் முடிந்த கையோடு செய்த ஏற்பாடு இது. பின்கட்டில் ஒரு தகரப் பெட்டி. அதில் நான்கு பாய், நான்கு போர்வை, ஒரு சிறிய ஸ்டவ், பாத்திரம், இரண்டு குடம் தண்ணீர் எப்போதும். சரக்கிலிருந்து எடுத்துக்கொள்ள அனுமதி. ஒரு நோட்டில் எழுதினால் போதும், கணக்கில் பிடிப்பதில்லை. போக்குவரத்துப் பற்றிச் சந்தேகமான சேதி வந்தால் பட்டியல் பாதியில் நின்றாலும் வெளியூர் ஆட்களை முதலில் அனுப்புகிறோம். அனுப்ப முடியாத பெண்பிள்ளைகளை நம் வீட்டுக்கே அழைத்துப் போகிறார்கள் வீட்டில். அன்றைய வசூலை எவர் கையிலும் கொடுத்து அனுப்புவதில்லை. திண்டுக்கல்லில் இருந்துகொண்டு இரும்புப் பெட்டிக்கும் பூட்டுக்கும் பஞ்சமா? பணம் கடையில் படுக்கட்டும், ஆள் வெறுங்கையாகப் போகட்டும்.

ஒவ்வொருவருக்கும் பை வாங்கிக் கொடுத்தோம். முதல் மூன்று மாதம் சிரித்தார்கள். நான்காம் மாதம் பைகளைத் திறந்து பார்த்தால் ஒன்றில் அவல் வண்டு விழுந்து கிடந்தது, இரண்டில் ஐந்நூறு ரூபாயைக் காணோம். அதன் பிறகு அமாவாசைதோறும் பூசணிக்காய் சுற்றி உடைத்ததும் எல்லோர் பையையும் கல்லா முன்னால் கொட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பழைய அவலையும் கடலையையும் அன்றே பங்கு போட்டுத் தின்றுவிட்டுப் புதிது கட்டுவோம். அதற்காகவே பையன்கள் அமாவாசையை எதிர்பார்க்கிறார்கள்.

கணக்கர் இப்போதும் நம்மிடம்தான் இருக்கிறார். இரவு மாத்திரையை வீட்டுக்குப் போய், இலை போட்ட பிறகுதான் போடுகிறார். டாக்டரும் அதையே சொன்னார். போன அமாவாசையன்று எல்லாப் பையும் சரியாக இருந்தது. நம் பையில் மட்டும் டார்ச்சுக்குள் செல் கசிந்து பச்சை பூத்திருந்தது. தனியே சுற்றி வைக்கச் சொன்னவர் நாம்தான் என்று கணக்கர் எல்லோர் முன்னிலையிலும் நினைவூட்டினார். மறுநாள் புது டார்ச் வாங்கினோம்.